அவர் கேட்டு வந்த மெழுகுக் கட்டி

போன வருடம் பங்குனி மாதக் கடைசி. கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், எங்கள் பிரிவுக்குப் புது மெஷின் வரப்போகிறது என்று எல்லோரும் பரபரப்பாக இருந்த நேரம்.

பேத்தாலஜி என்றதும் பலருக்கும் ரத்தப் பரிசோதனைதான் நினைவுக்கு வரும். நான் இருப்பது சதைப் பரிசோதனைப் பிரிவில். ஆபரேஷனில் எடுக்கிற கட்டி, கர்ப்பப்பை, குடல் துண்டு எல்லாம் எங்களிடம்தான் வரும். அதிலிருந்து நகத்தளவு துண்டுகளை வெட்டி, மெழுகில் பதித்து, சின்னச் சின்னக் கட்டிகளாக்குவோம். அந்த மெழுகுக் கட்டியை முடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றி டாக்டரிடம் கொடுப்போம். அவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கேன்சரா இல்லையா என்று சொல்வார். நான் அங்கே டெக்னீஷியன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதே வேலைதான்.

புது மெஷினில் கண்ணாடித் தகட்டை வைத்தால் போதும், அது முழுவதையும் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடும். டாக்டர் திரையில் பார்க்கலாம். சந்தேகம் வந்தால் சென்னையில் இருக்கிற பெரிய டாக்டரும் அதே நிமிஷம் அங்கிருந்தே பார்க்கலாம். இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எங்களுக்குத்தான் தெரியும். அதுவரை இரண்டாவது கருத்து வேண்டுமென்றால், கண்ணாடித் தகடுகளைப் பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்து, எங்களில் ஒருவர் பஸ் ஏற வேண்டும். உளுந்தூர்பேட்டையில் இறங்கி, சென்னை பஸ்ஸுக்கு அடித்துப் பிடித்து ஏறி, வழியெல்லாம் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போவேன். ஒரு முறை கூட்டத்தில் யாரோ இடித்து இரண்டு தகடுகள் உடைந்துபோய், அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அதனால் மெஷின் வருகிறது என்றதும் என்னைவிடச் சந்தோஷப்பட்டவர்கள் அங்கே யாரும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அவர் முதல் முறை வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் ஏதோ ஒரு சின்ன ஊர். கொஞ்சம் நிலத்தில் மரவள்ளி போட்டுக்கொண்டு, மற்ற நாட்களில் கூலி வேலைக்குப் போகிறவர். மனைவியின் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாக எடுத்து வந்திருந்தார். மூன்று வருடத்துக்கு முன் அந்த அம்மாவுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில்தான் மார்பில் ஆபரேஷன் நடந்திருக்கிறது.

கவுன்டரில் நல்ல கூட்டம். அவர் தயங்கித் தயங்கி, "எங்க வூட்டுக்காரம்மாவுக்கு அறுத்து எடுத்தாங்களே, அது இங்க இருக்குமாம்மா?" என்று கேட்டார்.

எடுத்த சதை முழுவதும் இருக்காது, ரிப்போர்ட் கொடுத்த பிறகு அதை அப்புறப்படுத்திவிடுவோம், மெழுகில் பதித்த சின்னத் துண்டுகள் மட்டும் இருக்கும் என்று சொன்னேன்.

"அது போதும்மா. அதத் தர முடியுமா?"

"வேற ஆஸ்பத்திரியில காட்டறதுக்காண்ணா?"

அவர் சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு, "ஆமாம்மா, அப்படித்தான்" என்றார்.

இப்படிக் கேட்டு வருவது எங்களுக்குப் புதிதல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் மெழுகுக் கட்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். ஆனால் டாக்டரும் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் டாக்டரம்மா அப்போது புது மெஷினைப் பழகிக்கொள்ளச் சென்னைக்குப் போயிருந்தார். விஷயத்தைச் சொல்லி, அவர் வந்த பிறகு வாருங்கள் என்றேன். "சரிம்மா, வேல வெட்டி பாத்துட்டு வரேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். பின்னால் நின்ற அடுத்த ஆள் சீட்டை நீட்டினார். நானும் அதை வாங்கினேன். அவ்வளவுதான், அன்றைக்கு அது முடிந்துவிட்டது.

சித்திரையில் மெஷின் வந்து இறங்கியது. அதற்குக் குளிர் வேண்டும், தூசு ஆகாது என்றார்கள். எங்கள் பிரிவில் ஏ.சி. இருந்தது ஒரே ஒரு அறையில். மெழுகுக் கட்டிகளை வைத்திருந்த ஸ்டோர் ரூம் அது. நான்கு இரும்பு பீரோக்களையும் அங்கிருந்து எடுத்து, பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஷெட்டில் வைத்தார்கள். மெழுகு வெயில் தாங்காது என்று நானும் சொன்னேன், டாக்டரம்மாவும் எழுதியே கொடுத்தார். "ஒரு மாசம்தான் மேடம், மேல புது ரூம் ரெடியாகுது" என்றார் மேனேஜர். அவரைக் குறை சொல்லி என்ன செய்வது? அவருக்கும் அந்த ஒரே அறைதான் இருந்தது.

அந்த ஒரு மாதமும் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. புதிதாக வருகிற தகடுகளோடு பழைய கேன்சர் கேஸ்களின் தகடுகளையும் படமாக ஏற்றிக்கொண்டிருந்தோம். கண்ணாடித் தகடுகள் மர டிராயரில் எங்கள் அறையிலேயே இருந்ததால், ஷெட்டுப் பக்கம் போக வேண்டிய வேலையே வரவில்லை. கத்திரி வெயில் வந்து போனது. மேலே புது ரூம் இன்னும் தயாராகவில்லை.

வைகாசியில் அவர் மறுபடியும் வந்தார். இந்த முறை டாக்டரம்மா இருந்தார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கையெழுத்துப் போட்டார். கம்ப்யூட்டரில் தேடினால் ஒரு நொடியில் அந்த அம்மாவின் நம்பர் வந்துவிட்டது. மொத்தம் நான்கு மெழுகுக் கட்டிகள். முன்பெல்லாம் இதைத் தேட அரை நாள் ஆகுமே என்று எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேதான் ஷெட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன்.

பீரோ கதவைத் திறந்ததும் அணைத்த மெழுகுவர்த்தி வாசனை குப்பென்று வந்தது. மேல் தட்டுகளில் இருந்த டிராயர்களை இழுத்தால் வரவில்லை. பலமாக இழுத்ததும் ஒரே பாளமாகக் கையோடு வந்தது. கூரைக்குப் பக்கத்தில் இருந்தவை எல்லாம் இளகி, ஒன்றோடொன்று ஓடிக் கலந்து, மறுபடி இறுகிப் போயிருந்தன. பென்சிலால் எழுதிய நம்பர்கள் அழிந்துவிட்டன. துண்டுகள் இடம் மாறி, ஒரு மூலையில் குவிந்து ஒட்டிக் கிடந்தன. எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. கீழ்த் தட்டுகள் தப்பித்திருந்தன. அந்த அம்மாவுடையது மேல் தட்டில் இருந்தது.

முதுகில் வேர்வை ஒழுகிக்கொண்டிருந்தது. டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். பிறகு, "அவர்கிட்ட உண்மையச் சொல்லிடுவோம்" என்றார்.

அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்துச் சொன்னோம். கோபப்படுவார் என்று நினைத்தேன். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் ஆஸ்பத்திரிச் சீட்டை மறுபடி பிளாஸ்டிக் கவருக்குள் போட்டார். நான்தான் சமாளிக்கப் பார்த்தேன். "கவலப்படாதீங்கண்ணா. படம் எல்லாம் எங்ககிட்ட அப்படியே இருக்கு. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க, இங்கேர்ந்தே அனுப்பிடறோம். நீங்க அலையவே வேணாம்."

"ஆஸ்பத்திரிக்கு இல்லம்மா" என்றார். "அவ செத்துப்போயி ஏழெட்டு மாசம் ஆவுது."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஆபரேசனுக்கு மொத நாளு அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அறுத்து எடுக்கறத இவங்க குப்பையில போட்டுடப் போறாங்க, நீ கேட்டு வாங்கியாந்து நம்ம கொல்லையில பொதச்சிடுன்னா. நானும் அன்னிக்கே கேட்டேன். டெஸ்ட்டுக்குப் போயிருக்குது, அப்புறமா வான்னாங்க. அப்புறம் எங்க? ஊசி போடறதும் கரண்ட்டு வெக்கறதுமா அலஞ்சிக்கினு இருந்ததுல வுட்டுப்போச்சி. வூட்டுக்கு வந்ததும், இன்னா பண்ணன்னு கேட்டா. பலா மரத்தடியில பொதச்சிட்டேன்னு சொல்லிட்டேன்."

சீட்டுக் கவரை மடியில் வைத்து நீவிவிட்டுக்கொண்டு மேலே சொன்னார்.

"அவ மனசு ஆறட்டுமேன்னுதான் சொன்னேன். ஆனா அவ அதயே புடிச்சிக்கினா. கொல்லைக்குப் போவும்போதெல்லாம் அந்த மரத்துக்கிட்ட ஒரு நிமிசம் நின்னுட்டுதான் போவா. சாவும்போது, என்னையும் அங்கயே வெச்சிடு, அது பக்கத்துலன்னா. வெச்சிட்டேன். அங்க ஒண்ணும் இல்லன்னு எனக்கு மட்டுந்தானே தெரியும். ராவுல தூக்கமே வரலம்மா. நகக்கண்ணு அளவு குடுத்தாக்கூட கொண்டுபோயி வெச்சிட்டு, மனசார அவகிட்ட சொல்லிடலாம்னுதான் வந்தேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு மெதுவாக, "படத்தையாவது பாக்கறீங்களா?" என்று கேட்டார்.

அவர் தலையாட்டினார். பெரிய திரையில் அந்த அம்மாவின் தகடு விரிந்தது. மைக்ராஸ்கோப் காலத்தில் இது நடந்திருக்காது. கண்ணை வைத்து உற்றுப் பார்க்கிற அந்தக் குழாயில், நோயாளியின் சொந்தக்காரர்கள் யாரையும் நாங்கள் பார்க்கவிட்டதில்லை. ரோஸும் ஊதாவுமாகத் திரை முழுக்க நிறைந்திருந்ததை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். டாக்டரம்மா மவுஸை நகர்த்தியபோது, "கொஞ்சம் ஆட்டாதீங்கம்மா" என்றார்.

பிறகு கேட்டார், "இதுல அவ எது, நோவு எது?"

எத்தனையோ ஆயிரம் தகடு போட்டிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை. டாக்டரம்மா திரையில் விரல் வைத்துக் காட்டினார். "ஊதாவா நெருக்கி அடிச்சிக்கிட்டு இருக்கு பாருங்க, அது நோவு. இங்க ரோஸ் கலர்ல நூல் நூலா, நடுவுல வெள்ளையா குமிழ் குமிழா இருக்கே, இது நல்ல சதை."

"நோவையும் சேத்து அவகூட வெக்கக் கூடாதும்மா. அது அவள படுத்தினது போதும்."

டாக்டரம்மா ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தார். நான்காவது படத்தில் நிறுத்தி, அதை மேலும் கீழுமாக ஒரு மூலை விடாமல் பார்த்தார். ஆபரேஷனில் எடுத்த சதையின் ஓரத்திலிருந்து வெட்டிய துண்டு அது. நோய் ஓரம் வரை பரவியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அப்படி ஒன்று எடுப்பது வழக்கம். "இதுல நோவு துளிகூட இல்ல. இது மொத்தமும் உங்க சம்சாரம்தான்" என்றார்.

அவர் இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டார். டாக்டரையா, திரையையா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் எழுந்துபோய் மர டிராயரிலிருந்து அந்தத் தகட்டை எடுத்து வந்தேன். டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "குடுத்துடு. படம்தான் ஏறிடுச்சே. தகடு குடுத்ததுக்கு நான் ரிஜிஸ்டர்ல எழுதிக்கறேன்" என்றார்.

அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நடுவில் வெற்றிலைச் சாறு பட்டதுபோல ஒரு சின்னக் கறை, அவ்வளவுதான். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மண்ணுல மக்குமாம்மா?" என்று கேட்டார்.

"கண்ணாடி மக்காதுண்ணா."

"அப்போ அவ பக்கத்துல வெச்சாலும் இது தனியாத்தானே கெடக்கும்." தகட்டை மேஜைமேல் மெதுவாக வைத்துவிட்டார்.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் சரி என்றார். "சாயங்காலம் வரைக்கும் இருங்கண்ணா" என்று அவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

தகட்டின்மேல் ஒட்டியிருந்த மெல்லிய கண்ணாடி மூடியைக் கழற்றுவது லேசான வேலையில்லை. ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் வைத்தேன். பிறகு பிளேடு முனையால் நெம்பி எடுத்தேன். ஒட்டியிருந்த பசை கரைய சைலீனில் ஊறவைத்தேன், பிறகு ஸ்பிரிட், பிறகு தண்ணீர். சதை நழுவி வந்துவிடக் கூடாதே என்று வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பயந்து பயந்து கை பழகியவள் நான். அன்றைக்கு அதையே பிளேடால் சுரண்டி எடுத்தேன். ஃபேனை நிறுத்தச் சொன்னேன். மூச்சு விடவே பயமாக இருந்தது. வடிதாளில் அதைத் தட்டினேன். ரோஸ் நிறத்தில் ஒரு பொட்டு. விரலில் ஒட்டிக்கொள்கிற குங்குமம்கூட அதைவிட அதிகமாக இருக்கும்.

மெழுகு மட்டும் இளகாமல் இருந்திருந்தால், நிஜமாகவே நகக்கண் அளவு ஒரு துண்டை அவர் கையில் கொடுத்திருக்கலாம். அதையே நினைத்துக்கொண்டு அந்தத் தாளை மடித்தேன். வெளியே பெஞ்சில் காத்திருந்தவரிடம் கொடுத்து, "இவ்வளவுதாண்ணா முடிஞ்சது" என்றேன்.

பிரித்துப் பார்த்தார். மறுபடி மடித்தார். "போதும்மா" என்று சொன்னார். அந்தச் சொல்லை நிஜமாகச் சொன்னாரா, என் மனசு கஷ்டப்படக் கூடாது என்று சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. மனைவியின் மனசு ஆறட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடிய மனிதர்தானே அவர்.

என் வீடு கச்சிராயபாளையத்தில். வெள்ளிமலை பஸ் அந்த வழியாகத்தான் போகும் என்பதால் இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தவர், சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டே வந்தார். கரும்பு டிராக்டர் ஒன்று வழியை அடைத்து, பஸ் நின்றபோது திரும்பிச் சொன்னார்.

"மொத வாட்டி வந்தப்பவே ஒங்ககிட்ட சொல்லியிருக்கணும்மா. பத்து பேரு நின்னுக்கினு இருந்தாங்க. பொண்டாட்டிகிட்ட பொய் சொன்னத எப்படி அத்தன பேரு எதிர்ல சொல்றதுன்னு வெக்கமா பூட்ச்சி."

"சொல்லியிருந்தாலும் கையெழுத்து இல்லாம..." என்று ஆரம்பித்தேன். அவர் மட்டும் சொல்லியிருந்தால், நான் அப்போதே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டிருப்பேன். அவரும் கொடுத்துவிடு என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார். அது எங்கள் இருவருக்குமே தெரியும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் ஊர் வந்ததும் இறங்கினேன். "வரேண்ணா" என்றேன். அவர் பையிலிருந்து கையை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். பஸ் மலைப் பக்கம் போய்விட்டது. அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை.

மேலே புது ரூமில் அவசரமாக ஏ.சி. மாட்டி, மீதி மெழுகுக் கட்டிகளை அந்த வாரமே அங்கே மாற்றினார்கள். அந்தப் பாளம் பாளமான டிராயர்களைப் பார்த்த மேனேஜரே ஆள் வைத்து நின்று மாற்றினார். புது மெஷினைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சங்கராபுரத்திலிருந்து காலையில் வருகிற ஒரு பெண்ணின் தகட்டைச் சென்னை டாக்டர் அன்றைக்கே பார்த்துச் சொல்லிவிடுகிறார். வாரக்கணக்கில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் தினமும் பார்க்கிறேன். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போன காலம் திரும்பி வர வேண்டாம்.

ஆனாலும் யாராவது கவுன்டரில் தயங்கி நின்று பழையது எதையாவது கேட்டால், இப்போதெல்லாம் நான் எழுந்து வெளியே வந்து, கூட்டத்திலிருந்து தள்ளிக் கூட்டிப்போய், "எதுக்குங்க?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் ஏதாவது சாதாரண காரணம்தான் இருக்கும். அன்றைக்கு அந்த ஒரு மனிதரிடம் இதைக் கேட்க எனக்குத் தோன்றாமல் போனதே என்ற வருத்தம் மட்டும், எத்தனை பேரிடம் கேட்டாலும் எனக்குக் குறைவதே இல்லை.